வீட்டு சர்வரும் மழைநீர் சேகரிப்பும்

செப்டம்பர் 4, வியாழன்

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டு டிவி என்னைப் பார்த்து, நீ இந்தக் குடும்பத்து ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்படியே சொல்லவில்லை. "இந்த டிவி இந்தக் கணக்குக்குரிய குடும்பத்தைச் சேர்ந்ததல்ல" என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், மரியாதையாகத்தான் சொன்னது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

விஷயம் சின்னது. சினிமா பார்ப்பதற்குச் சந்தா கட்டுவது மகள் ஜெமிமா. அவளும் மருமகன் அனிகேத்தும் போன மாதம் கிளாஸ்கோவில் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். கணக்கை அந்த வீட்டோடு சேர்த்துவிட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு டிவி தனியாக உட்கார்ந்து அதே கணக்கில் படம் பார்ப்பதைக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிட்டான்.

என் மனைவி பியூலா ஜெமிமாவுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அது ஒண்ணுமில்லப்பா. உள்ள போகும்போது ஒரு நம்பர் கேக்கும். அது எனக்கு வரும். நான் சொல்லுதேன், நீங்க அடிச்சிருங்க."

"எப்பல்லாம் கேக்கும்?"

"அப்பப்ப கேக்கும்ப்பா."

"நீ தூங்கிட்டு இருந்தா?"

"எந்திரிச்சதும் சொல்லுதேன்."

படம் பார்ப்பதற்கு மகளிடம் நம்பர் கேட்டு, அவள் எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் ஆறு மாதக் கர்ப்பிணியை எழுப்பி. "வேண்டாம்மா, நான் டிவி பாக்கதே குறைச்சல்" என்றேன். பியூலா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 6, சனி

முடிவெடுத்துவிட்டேன். இனி நம் படம் நம் வீட்டில்.

யோசித்துப் பார்த்தால் எல்லாமே வெளியே இருக்கிறது. பாட்டு ஒரு கம்பெனியிடம், போட்டோ இன்னொரு கம்பெனியிடம், சினிமா மூன்றாவது கம்பெனியிடம். மூன்றுக்கும் சாவி ஜெமியிடம். என் பெயரில் இருப்பது கேஸ் இணைப்பு மட்டும்தான். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை நாள் முழுக்க ஓடவிட்டு, நம்முடைய படம், பாட்டு எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவைத்தால் டிவியிலிருந்தும் போனிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாமாம். வெளியூரிலிருந்தும் பார்க்கலாமாம். அதற்கு மீடியா சர்வர் என்று பெயர். யாரிடமும் நம்பர் கேட்க வேண்டாம்.

சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் பொன்னையாவிடம் சொன்னேன். எங்கள் பாடகர் குழுவில் அவன் உச்சக் குரலில் பாடும் டெனர், நான் அடிக்குரலில் பாடும் பேஸ். உலகத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவன் செய்து பார்த்ததும் எதுவும் இல்லை.

"அது ரொம்ப ஈசி வே. ஒரு வயரை இங்கிட்டு குத்தணும், ஒரு வயரை அங்கிட்டு குத்தணும். நீருதான் டெலிபோன்ல இருந்தவராச்சே."

தெருவே இப்படித்தான் நம்புகிறது. நான் தொலைபேசித் துறையில் ஒரு ஆயுசு வேலை பார்த்தேன் என்பது உண்மை. லீவு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன் என்பதை யாரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜெமி கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். உள்ளே இரண்டு பல்லி முட்டை. துடைத்தேன். பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம்தான் தோது என்று எல்லா வீடியோக்களிலும் சொன்னார்கள். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரில் இறக்க வேண்டும். மேஜை டிராயரில் ஒரு பென் டிரைவ் சும்மா கிடந்தது. "இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று கேட்டது. சம்மதம் என்றேன். ஆண்மகன் தயங்கக் கூடாது.

பியூலா கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆனபிறகும் வீட்டில் டியூஷன் எடுக்கிறாள்.

"என் பென் டிரைவைப் பாத்தியளா?"

"எது?"

"நீலக் கலரு. கொஸ்டின் பேப்பர் எல்லாம் அதுலதான் இருக்கு."

"எல்லாமா?"

"பத்தாங் கிளாஸ்லருந்து பன்னெண்டு வரைக்கும்."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதன் முகப்பில் அந்த நீலம் செருகியிருந்தது.

"சரி விடுங்க" என்றாள் கடைசியில். "எக்ஸுக்கு வேற மதிப்பு வைக்கணும், அம்புட்டுதான்."

சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மின்னுகிறது. காலையிலிருந்து அதுவும் நானும்தான்.

செப்டம்பர் 20, சனி

ஓடிவிட்டது!

கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கேட்டது. என் பெயரையே, ஆசீர் என்று, வைத்தேன். பயன்படுத்துகிறவர் பெயரைக் கேட்டது. அதற்கும் ஆசீர் என்றே கொடுத்தேன். இப்போது திறக்கும்போதெல்லாம் 'ஆசீர்@ஆசீர்' என்று வருகிறது. எனக்கு நானே விலாசம். இருக்கட்டும். நான் வாங்கிச் சேர்த்த சினிமா டிஸ்க்குகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஏற்றி, கூடத்து டிவியில் திறந்தால் படம் வருகிறது. சத்தமும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதற்கு மூன்று நாள் ஆனது.

பியூலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இந்தப் படம் டிஸ்க்லயே ஓடுமே?"

"ஓடும். ஆனா இது சர்வர்லருந்து ஓடுது."

"ஓ" என்றாள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். எனக்காகத்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெமி பியூலாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். பிரசவம் டிசம்பர் நடுவில். அக்டோபர் கடைசியிலேயே வரச் சொல்லியிருக்கிறாள். ஒரு டிக்கெட்.

சரிதான். பிரசவத்துக்கு நான் எதற்கு? எனக்கும் விசா இல்லாமல் இல்லை. ஜெமிக்குக் கல்யாணமான புதிதில் இருவருக்கும் சேர்த்தே நீண்டகால விசா வாங்கினோம். பியூலா ஒரு முறை போய்வந்தாள். நான் அப்போது சர்ச்சில் அசன விருந்துக் கமிட்டியில் இருந்தேன். நான் இல்லையென்றால் கறியில் உப்பு பார்க்க ஆள் கிடையாது.

"தனியா இருந்துக்கிடுவியளா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன? சர்வரைப் பாத்துக்கிட ஒரு ஆள் வேண்டாமா?"

"அதுக்கென்ன, பால் காச்சி ஊத்தணுமா?"

பிறகு, நாளைக்குக் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்டாள். எதுவாக இருந்தாலும் சரி என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பரணில் வீடியோ கேசட்டுகளும் இருந்தன. ரயில் சந்திப்புப் பக்கம் ஒரு கடையில் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார்கள். இன்று வந்தது, சர்வரில் போட்டேன். என் சித்தப்பா மகன் கல்யாணம், கிறிஸ்மஸ் கீத பவனி, ஜெமியின் பிறந்தநாட்கள். எதிலும் நான் இல்லை. காமிராவைப் பிடித்திருந்தது நான்.

ஜெமி மூன்றாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் பேசியதும் இருக்கிறது. தலைப்பு: மழைநீர் சேகரிப்பு. அப்போது ஊர் முழுக்க அதே பேச்சு. உரையை எழுதிக் கொடுத்தது நான்தான். "மாண்புமிகு நடுவர் அவர்களே" வரை சிங்கம் மாதிரி வந்தாள். நாலாவது வரியில் நின்றுவிட்டாள். காமிராவுக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக் கொடுக்கிறேன். "கூரையில்... கூரையில் விழும்..." என்று கேட்கிறது. பதற்றத்தில் காமிரா மேலே போய்விட்டது. அதன்பிறகு திரையில் பள்ளிக்கூடத்து மின்விசிறி சுற்றுவது மட்டும்தான். நான் கிசுகிசுப்பதும் அவள் உரக்கச் சொல்வதும் கடைசிவரை கேட்கின்றன. மூன்றாம் பரிசு. மூன்று பேர்தான் பேசினார்கள்.

ஏற்றி முடித்ததும் கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தேன். "இதெல்லாம் யாரும் வாங்க மாட்டாங்க சார், சும்மாதான் எடுத்துக்கிடணும்" என்றார்.

"எதுக்குக் குடுக்கிய? ஒரு ஓரமாக் கிடக்கட்டுமே" என்றாள் பியூலா.

"எல்லாம் சர்வர்ல ஏறிட்டு. இனி அது நூறு வருஷத்துக்கு நிக்கும்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னபோது ஒரு விரலை வேறு உயர்த்தினேன்.

அக்டோபர் 22, புதன்

தூத்துக்குடிக்குப் போய் பியூலாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். கிளாஸ்கோவிலிருந்தும் பார்க்கும்படி சர்வரில் அவள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவள் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "அங்க போயி நான் எங்க படம் பாக்க?" என்றாள். "இருக்கட்டும், சோதிச்சுப் பாக்கணும்லா" என்றேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. வேலை செய்ய வசதி. சர்வரின் காற்றாடிச் சத்தம் சமையலறைவரை கேட்கிறது என்பதே இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

உப்புமா.

அக்டோபர் 25, சனி

நேற்றைய உப்புமா.

அக்டோபர் 29, புதன்

பெரிய மனது பண்ணிப் பொன்னையாவுக்கும் ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். அவன் அதைப் பாடகர் குழு முழுவதற்கும் கொடுத்திருக்கிறான். சோப்ரானோ பெண்கள் தங்கள் சம்பந்தி வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று முழுக்க எனக்குப் போன். "சார், படம் நிக்குது." "சார், சத்தம் முன்னாடி வருது, வாய் பின்னாடி அசையுது." "அண்ணாச்சி, புதுப்படம் எப்ப போடுவிய?" தூத்துக்குடியிலிருந்து யாரோ ஒருவர், யாரென்று சொல்லாமலே என்னைத் திட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. பொன்னையாவின் கணக்கை நிறுத்திவிட்டேன். நிறுத்தும்போது அவன் திரையில் தெரிவதற்கு ஒரு வாசகம் எழுதலாமாம். யோசித்து, அழகாகத் தட்டினேன்: "இந்த டிவி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல."

நவம்பர் 1, சனி

பயிற்சிக்கு வந்த பொன்னையா என் பக்கத்தில் நிற்கவில்லை. ஆல்டோ பாடும் பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டான். பாட்டு ஒரு மாதிரி கோணிக்கொண்டு போனது. முடிந்து செருப்பு மாட்டும்போது சொன்னான்:

"முப்பது வருஷமா பக்கத்துல நிக்கேன். என்னைப் பாத்துக் குடும்பம் இல்லேன்னு எழுதிட்டீரே வே."

"அது டிவியைச் சொன்னது, பொன்னையா."

"டிவியா உக்காந்து வாசிச்சிச்சு? நான்லா வாசிச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவன் கணக்கைத் திறந்துவிட்டேன். ஒரு மாதத்தில் நானே ஒரு கம்பெனியாகிவிட்டேன். அந்தக் கம்பெனிக்காரனாவது முகம் தெரியாதவர்களிடம் செய்தான்.

நவம்பர் 7, வெள்ளி

சர்வரில் ஒரு பக்கம் உண்டு. இப்போது யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அதில் தெரியும்; படம் எதுவரை ஓடியிருக்கிறது என்பதை நகரும் ஒரு கோடு காட்டும். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறந்தேன். பழக்கம்தான், வேவு இல்லை. 'பியூலா – மழைநீர் சேகரிப்பு' என்று இருந்தது.

அதே நேரம் பியூலாவிடமிருந்து போன் வந்தது. கடையில் நிற்கிறாளாம். முருங்கைக்காய் என்ன விலை தெரியுமா என்று ஆரம்பித்தாள்.

"நீ வீடியோ பாத்துட்டு இருக்கியா?"

"முருங்கைக்காய் முன்னால நிக்கேன்னு சொல்லுதேன், வீடியோ பாக்கியான்னு கேக்கியளே."

அப்படியானால் அது ஜெமி; அம்மாவின் கணக்கைத் தன் போனில் திறந்திருக்கிறாள்.

பக்கத்தை மூடவில்லை. கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கடைசிக்குப் போனதும் நின்றது. பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வெளிநாட்டுக்கு வேகம் போதுமானதா என்று சோதிப்பதற்காக, முடியும்வரை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, புதன்

ஜெமிக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். "பயப்பட ஒண்ணுமில்ல" என்று பியூலா மூன்று முறை சொன்னாள். ஒரு முறை சொன்னால் போதாதா?

ஜெமியிடம் போனில் பேசினேன். சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அங்கே குளிரா என்றேன். ஆமா என்றாள். இதற்குமேல் என்ன பேச? இணைப்பு மட்டும் நன்றாக இருந்தது.

தினமும் மத்தியானம் மூன்று மணி வாக்கில், அங்கே காலை வெளிச்சம் வரும் நேரத்துக்கு, அந்தக் கோடு ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலும் மழைநீர் சேகரிப்புதான். பிறந்தநாள் கேசட்டுகளில் அவள் இருக்கிறாள். அழகான சட்டை, கேக் எல்லாம் இருக்கிறது. அதைத் தொடுவதில்லை. மின்விசிறியில் என்ன இருக்கிறதோ.

கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன். சர்வர் இருக்கும் மேஜையிலேயே தட்டை வைத்துக்கொள்கிறேன். நிர்வாக வசதிக்காக.

நவம்பர் 17, திங்கள்

கோடு பாதியில் நின்றது.

நிறுத்திவிட்டு எங்காவது போயிருப்பாள் என்று நினைத்தேன். குளிக்கப் போயிருப்பாள். சாப்பிடப் போயிருப்பாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. 'பியூலா – மழைநீர் சேகரிப்பு – நிறுத்தப்பட்டுள்ளது.' சர்வரில்தான் கோளாறு என்று நினைத்துக் கேபிளைக் கழற்றி மாட்டினேன். கோளாறாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். எல்லாம் சரியாக இருந்தது. முதல் தடவையாக எல்லாம் சரியாக இருந்தது.

பியூலாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஜெமிக்குப் போட்டேன். அனிகேத்துக்கும் போட்டேன். நானாக அவனுக்குப் போன் போடுவது இதுதான் முதல் தடவை. அவனும் எடுக்கவில்லை.

இருட்டுகிற நேரம் பியூலா கூப்பிட்டாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருக்கோம். திடீர்னு கண்ணு மங்கிட்டுன்னா. பிரஷர் ஏறிட்டு. இப்பவே ஆபரேஷன் பண்ணப் போறாவ. நீங்க பதறாதிங்க."

"தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிட்டு ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை. நின்றுபோன அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பெண் குழந்தை. மாதம் நிறையாததால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூச்சுக்குச் சின்னக் குழாய். ஜெமிக்கு ஆபத்து நீங்கிவிட்டது; ஆனால் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. குழந்தை வேறு மாடியில் இருக்கிறது. பெற்றவள் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை.

பொன்னையா வந்தான். நேராகச் சமையலறைக்குள் போய் டீ போட்டான். சர்க்கரை போட மறந்திருந்தான். இருவரும் குடித்தோம்.

நவம்பர் 20, வியாழன்

மத்தியானம் பெருமழை. இடி பக்கத்தில் எங்கோ விழுந்தது. மின்சாரம் போய், வந்து, மறுபடி போய் வந்தது. வந்தபோது சர்வருக்குள்ளிருந்து சுவர்க்கோழி மாதிரி 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

படமெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் குடைக்குள் வைத்துக்கொண்டு, நான் நனைந்தபடி கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். "வேற காப்பி வச்சிருக்கியளா சார்?"

இன்னொரு பிரதி வைத்திருக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் முதல் பக்கத்திலேயே சொல்கின்றன. நான் இரண்டாம் பக்கத்திலிருந்து படித்தவன். கேசட்டுகளும் இல்லை. நூறு வருஷம் நிற்கும் என்று விரல் உயர்த்தியவன் வீட்டில் அது இரண்டு மாதம்கூட நிற்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

சாயங்காலம் ஜெமியே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"அப்பா, உங்க சர்வர் திறக்க மாட்டேங்குது."

"ஏம்மா, உனக்கு எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"பாப்பாவை இன்னும் காட்டலப்பா. இங்க சாயங்காலம் ஆனதும்தான் கூட்டிட்டுப் போவாங்களாம். அதுவரைக்கும் எனக்கு... சும்மா, அந்த மழைநீர் சேகரிப்பு வீடியோவைக் கேக்கலாம்னு."

இடி விழுந்ததைச் சொன்னேன். கேசட்டுகளைக் கொடுத்ததைச் சொன்னேன். "எல்லாம் போயிட்டும்மா. உன் பிறந்தநாள், பேச்சுப் போட்டி, எல்லாமே. அம்மா அப்பமே சொன்னா. நான்தான் கேக்கல." அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"அதுல பாக்கதுக்கு என்னப்பா இருக்கு? ஃபேன்தான சுத்துது" என்றாள். "நீங்க பின்னாடி நின்னு சொல்லிக் குடுப்பியள்லா, அதைத்தான் கேப்பேன். உங்களுக்கு ஞாபகம் இருந்தா இப்ப சொல்லுங்க."

ஞாபகமா? நான் எழுதிய ஒரே உரை அது.

"மாண்புமிகு நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தேன். கூடத்தின் நடுவில் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை. மேகம் தருகிறது, மண் கேட்கிறது, இடையில் நாம் சிமெண்ட் பூசிவைத்திருக்கிறோம் என்று அந்தக் காலத்தில் வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறேன். நாலாவது வரியில், அன்றைக்கு அவள் நின்ற அதே இடத்தில், நானும் நின்றுவிட்டேன்.

"கூரையில்" என்றாள் ஜெமி மெதுவாக. "கூரையில் விழும்..."

"கூரையில் விழும் ஒவ்வொரு துளியும்" என்று தொடர்ந்தேன். ஜல்லி, மணல், கரி என்று தொட்டி கட்டும் முறை வரைக்கும் முழுசாகச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் பியூலாவின் குரல் கேட்டது: "பக்கத்துக் கட்டில்காரி என்னன்னு கேக்கா. பிரசங்கம்னு சொல்லிட்டேன்."

ஜெமி சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கிறதாம். பிறகு, "அப்பா, நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. "நீ என்னைக் கூப்பிடவே இல்லியே."

"நான் கூப்பிடலியா? வருஷக்கணக்கா கூப்பிட்டேன். அசனம்னிய. குளிருன்னிய. பிளேன்ல காலு வீங்கும்னிய. இந்தத் தடவையும் கேட்டு, நீங்க மாட்டேன்னு சொல்லி, அதை என்னால தாங்க முடியாதுன்னுதான்ப்பா கேக்கல."

அவள் விடவில்லை. "இப்பக் கேக்கேன். வருவியளா?"

"வருவேன்" என்றேன். அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அந்தச் சொல் எங்கே கிடந்தது என்று தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

டிக்கெட் போட்டது அனிகேத். கம்பளிக் கோட்டு பொன்னையா கொடுத்தது. ஊட்டிக்குப் போக வாங்கி, போகாமல் வைத்திருந்தானாம். தோளில் நிற்கிறது, வயிற்றில் நிற்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய், கிளாஸ்கோ

கால் வீங்கியது. சொன்னேன் அல்லவா.

விமான நிலையத்தில் அனிகேத் நின்றிருந்தான். கைகொடுப்பதா, கட்டிக்கொள்வதா என்று இருவருக்கும் தெரியவில்லை. இரண்டையும் பாதி பாதி செய்தோம். காரில் வரும்போது ஆங்கிலத்தில் சொன்னான்: அன்றைக்கு நான் போட்ட போன்களைப் பார்த்தானாம், எடுத்துப் பேசத் தைரியம் வரவில்லையாம், மன்னிக்க வேண்டுமாம். எனக்கு ஆங்கிலத்தில் லீவு மறுப்பது மட்டும்தான் சரளமாக வரும். அவன் தோளைத் தட்டினேன். வண்டி கொஞ்சம் ஆடியது.

ஜெமி வாசலுக்கே வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

டிசம்பர் 6, சனி

குழந்தை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு உள்ளங்கை சேர்த்தால் கொள்ளும். இன்று ஜெமியைக் காட்டிவர அவளும் அனிகேத்தும் பியூலாவும் மருத்துவரிடம் போனார்கள். "ஒரு மணி நேரந்தான், பாத்துக்கிடுவியள்லா?" என்று பியூலா கேட்டபோது, இதென்ன பெரிய விஷயம் என்கிற மாதிரி தலையாட்டினேன்.

கதவு சாத்தியதும் பாப்பா அழுதாள். தூக்கினேன், நடந்தேன், ஆட்டினேன். பேஸ் குரலில் பாடினேன், அழுகை கூடியது. உயர்த்திப் பாடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளாகவே நிறுத்தி, ஒரு கொட்டாவி விட்டு, என் நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். நான்தான் நிறுத்தினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் திரும்பி வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கை மரத்துப்போயிருந்தது, அசைக்கவில்லை. ஜெமி பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பப்பா திரும்பிப் போகணும்?"

"நீ எப்பப் போகச் சொல்லுதியோ, அப்ப."

"அப்பச் சொல்ல மாட்டேன்."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். இந்த வீட்டுக் குளியலறையில் இடப்பக்கக் குழாயில் கொதிநீர், வலப்பக்கக் குழாயில் ஐஸ். இரண்டும் கலந்து வர வழியில்லை. வந்த நாளிலிருந்து இதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று ஐஸ் பக்கம் ரொம்ப உதவியாக இருந்தது. கண் சிவந்திருப்பதைப் பார்த்துப் பியூலா கேட்டாள். தண்ணீர் குளிர் என்றேன். அவள் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். துண்டை மட்டும் கொடுத்தாள்.